மாலை நேர எழுத்தறிவு வகுப்பு: மூன்றே மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் நின்றுவிட்டார்கள், எங்கே தவறுகிறோம்?

கேள்வி கேட்டவர்: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, நாங்கள் குடியிருக்கும் பகுதியின் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிப்போம். தொடங்கிய வாரத்தில் 24 பேர் பெயர் கொடுத்தார்கள். 28 வயதுப் பெண்ணிலிருந்து 66 வயதுப் பெரியவர் வரை எல்லா வயதினரும் இருந்தார்கள். மூன்று மாதம் முடிந்த நிலையில் ஒழுங்காக வருபவர்கள் ஒன்பது பேர்தான்.

முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கான பாடநூலைத்தான் பயன்படுத்துகிறோம். அகர வரிசைப்படி உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்துவிட்டு மெய்யெழுத்துக்குப் போவது என்று திட்டமிட்டிருந்தோம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பாடத்தை ஒருவர் எழுந்து நின்று படிக்க வேண்டும். யாரையும் கடிந்து பேசியதில்லை, வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் இரண்டாம் மாதத்திலேயே இருக்கைகள் காலியாகத் தொடங்கின.

என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒருவர் நின்றுபோனதுதான். ஐம்பதைக் கடந்த அந்த ஐயா தச்சு வேலை செய்பவர். கூடத்தின் கதவு சரியாக மூடவில்லை என்று கண்டு, யாரும் கேட்காமலே ஒரு நாள் இழைப்புளியோடு வந்து சரிசெய்து கொடுத்தார். அவரை எழுப்பி 'அணில், ஆடு, இலை' என்று படிக்கச் சொன்னோம். 'ஆடு' வரை வந்தவர் அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். அவரும் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை.

மாதத் தேர்வும் சான்றிதழும் வைத்தால் பிடிப்பு வரும் என்கிறார் ஒரு நண்பர். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும், மற்றவர்களுக்காக வருந்த வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இத்தகைய வகுப்புகளை நடத்தியவர்களோ அவற்றில் படித்தவர்களோ இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1: பழைய தன்னார்வலர்

அந்தத் தச்சரைப் பற்றி நீங்கள் எழுதிய சில வரிகளிலேயே உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இருக்கிறது. அவர் உங்கள் வகுப்புக்கு எதற்காக வந்தார் என்பது மட்டும் அவற்றில் இல்லை. ஒருவேளை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். நானும் என் முதல் இரண்டு ஆண்டுகளில் யாரிடமும் கேட்டதில்லை. எழுத்துத் தெரியாதவர் எழுத்தைக் கற்கத்தான் வருகிறார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். பின்னாளில் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டபோது ஒருவர் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும் என்றார், ஒருவர் வங்கியில் இருந்து கைபேசிக்கு வரும் செய்தி பணம் வந்ததா போனதா என்று தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார், இன்னொருவர் பேத்திக்குக் கதை படித்துக் காட்ட வேண்டும் என்றார். மூன்று பேருக்கும் தேவை வெவ்வேறு. அணிலும் ஆடும் அவர்களில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கான பாடநூலைத் தயவுசெய்து இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அணிலின் படமும் சொல்லும் புதிது. அந்த இன்பத்தில் எழுத்து தானாகப் பதியும். பெரியவர்களுக்கு மொழி முழுவதும் வாயில் இருக்கிறது, ஆயிரக்கணக்கான சொற்களை நாள்தோறும் பேசுகிறார்கள், வழக்காடுகிறார்கள், பழமொழி சொல்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது வரிவடிவம் ஒன்றே. ஏற்கெனவே நாவில் இருக்கும் கனமான சொல்லில் இருந்து தொடங்கினால் அவர்கள் தங்களைச் சிறுபிள்ளையாக்கிவிட்டதாக உணரமாட்டார்கள்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே 1963-இல் அங்கிக்கோஸ் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தது இந்த வழியில்தான். கற்பவர்களின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களை முதலில் கேட்டுத் தொகுத்தார்கள். 'செங்கல்' என்ற பொருளுடைய மூன்றசைச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசவைத்து, பின் அசையசையாகப் பிரித்து, ஒவ்வொரு அசையின் உயிர் ஒலியையும் மாற்றி வரிசையாக எழுதிக் காட்டினார்கள். அந்த அசைகளைக் கூட்டிக் கற்பவர்களே புதிய சொற்களை உருவாக்கினார்கள். நம் உயிர்மெய் எழுத்து முறைக்கு இது தனியாகத் தைத்துக் கொடுத்தது போலப் பொருந்துகிறது.

எங்கள் வகுப்பில் நடந்த ஒரு மாலையைச் சொல்கிறேன். பலகையில் 'வாடகை' என்று எழுதினேன். வகுப்பில் இருந்த பெரும்பாலானோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். கால் மணி நேரம் யார் எப்போது காலி செய்யச் சொன்னார்கள் என்பது பற்றியே பேச்சு ஓடியது. பிறகு சொல்லை வா, ட, கை என்று மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொன்றின் கீழும் அதன் குடும்பத்தை எழுதினோம்: வ, வா, வி, வீ, வை, ட, டா, டி, டை, க, கா, கி, கீ, கை. புள்ளி வைத்தால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கும் என்பதையும் அன்றே சொன்னேன். இந்தக் கட்டங்களில் இருந்து நீங்களே சொல் கண்டுபிடியுங்கள் என்றதும் 'கடை' வந்தது, 'விடை' வந்தது, 'வாடிக்கை' வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்து 'வட்டி' என்று எழுதினார். வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த மாலையில் படித்த எழுத்துகளை யாருக்கும் நான் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதப் பழக்கும்போது அகர வரிசையையும் விட்டுவிடலாம். 'அ', 'ஆ', 'இ' ஆகியவை ஒலி வரிசையில் முன்னே இருந்தாலும் கைக்கு மிகவும் கடினமானவை. காய்த்துப்போன விரல்கள் வளைவுக்கும் சுழிக்கும் இணங்காது, கோட்டுக்கு இணங்கும். ட, ப, ம, ய என்று நேர்கோட்டுச் சாயல் உடையவற்றில் தொடங்குங்கள். முதல் மூன்றோடு புள்ளி மட்டும் சேர்ந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதிவிடலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம் வந்துவிடும். கொம்பு போடும் எழுத்துகளுக்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். ஒலிக்கும்போது மெய் முன்னால் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. 'கொ', 'கோ' போன்றவற்றிலோ குறி இருபுறமும் நின்று எழுத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. நமக்குப் பழகிப்போனதால் இதன் கடினம் கண்ணில் படுவதில்லை.

எழுந்து நின்று தனியாகப் படிக்கவைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். உங்களிடம் தீய எண்ணம் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் தன் தொழிலில் பத்துப் பேருக்கு வேலை சொல்லும் நிலையில் இருப்பவர், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் ஒரு சொல்லில் நின்றுவிடுவது என்பது நாம் எண்ணுவதைவிடப் பெரிய காயம்.

மறுமொழி 2: நாற்பத்துமூன்றில் கற்றவள்

நான் வகுப்பு நடத்தியவள் அல்ல, அதில் படித்தவள். என் 43-ஆம் வயதில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்தைக் கற்றேன். இந்தப் பதிலையும் நானேதான் தட்டச்சு செய்கிறேன், மகன் பிழை மட்டும் திருத்தினான்.

படிக்கத் தெரியாதவர்கள் அதை எப்படி மறைத்து வாழ்கிறார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியாது. எந்த அலுவலகத்தில் தாளை நீட்டினாலும், 'கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்' என்று சொல்வேன். ஆண்டுக்கணக்கில் சொன்ன பொய் அது. வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கண்ணாடி தேவைப்படுகிறது என்பதே தெரியவந்தது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்குவது எல்லாருக்கும் இயல்பு; படித்தவர்கள் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும்போதே அதைக் கண்டுகொள்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்குக் கண்டுபிடிக்க வாய்ப்பே வருவதில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தபோது என் மூளை மந்தம் என்றுதான் நினைத்தேன். நிறுத்திவிட எண்ணிய வாரத்தில் ஆசிரியை தன் கண்ணாடியைக் கழற்றி, 'இதைப் போட்டுப் பாருங்கள் அக்கா' என்றார். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் தெளிவாகப் பார்த்தேன். உங்கள் வகுப்பில் வந்துகொண்டிருப்பவர்களுக்கும் நின்றுபோனவர்களுக்கும் முதலில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கூடத்தின் விளக்கு வெளிச்சத்தையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

இடையில் நானும் இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். மாமியாருக்கு உடல்நலமில்லை. அவர் தேறிய பிறகும் போகவில்லை; மற்றவர்கள் எங்கோ போயிருப்பார்கள், நான் மட்டும் விழித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்ற அச்சம். ஆர்வமில்லாதவர்கள் நின்றுவிடுவார்கள் என்று உங்கள் நண்பர் சொல்வதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, சமையலை முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவரும் பெண்ணிடம் ஆர்வத்துக்கு என்ன குறை இருக்க முடியும்? ஒவ்வொரு மாலைப் பாடமும் தன்னளவில் முழுதாக இருக்கும்படி அமையுங்கள். ஐந்து நாள் விட்டுவிட்டு வந்தவரும் அன்றைய பாடத்தில் உட்கார்ந்து ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். 'ஏன் நேற்று வரவில்லை' என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். 'வாங்க' என்று மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளைகளை அழைத்துவர இடம் கொடுங்கள். உலகில் எழுத்தறியாத பெரியவர்கள் 70 கோடிக்கு மேல் என்றும் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்றும் எங்கள் ஆசிரியை சொல்லுவார். அந்தப் பெண்களில் பலருக்கு மாலை ஏழு மணிக்கு மடியில் ஒரு குழந்தை இருக்கும். ஒரு மூலையில் பாய் விரித்து, தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்பெல்லாம் என் மகன் எனக்குக் குரல் செய்திதான் அனுப்புவான். வகுப்பில் சேர்ந்து எட்டாம் மாதம், 'இனிமேல் எழுதி அனுப்பு' என்று சொன்னேன். 'அம்மா, வர நேரமாகும், காத்திருக்க வேண்டாம்' என்று வந்தது. தெருவில் நின்றபடி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, அதைப் படித்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து படித்தேன்.

மறுமொழி 3: கணக்குப்பிள்ளை

மேலே இருவர் எழுதியதற்கு மேல் எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கணக்கைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் எழுதுகிறேன்.

மாலை வகுப்புகளில் கணக்கைக் கடைசியில் வைக்கிறார்கள், அல்லது ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லித் தொடங்குகிறார்கள். எழுத்தறியாத பெரியவர்களில் பலர் மனக்கணக்கில் நம்மைவிட வேகமானவர்கள். 278-உம் 346-உம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். இருநூறும் முந்நூறும் ஐந்நூறு, எழுபதும் நாற்பதும் நூற்றுப் பத்து, எட்டும் ஆறும் பதினான்கு, ஆக அறுநூற்று இருபத்து நான்கு என்று சொல்லிவிடுவார்கள். மனம் பெரிய இடத்தில் இருந்து சிறிய இடத்துக்கு வருகிறது. பள்ளிக் கணக்கோ ஒன்றாம் இடத்தில் தொடங்கி, மீதியைத் தலையில் எழுதி, இடப்பக்கம் நகர்கிறது. அவர்களுக்குத் தெரிந்த வழி தவறு என்று சொல்லிவிட்டுப் புதிய வழியைத் திணித்தால், தெரிந்ததும் போய்விடும், புதியதும் வராது. அவர்கள் வாயால் சொல்லும் அதே வரிசையில் 500, 110, 14 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். இடமதிப்பு என்றால் என்ன என்பது அந்த மூன்று வரிகளிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும்.

தேர்வைப் பற்றி: பழைய தன்னார்வலர் தொடவில்லை என்பதால் நான் சொல்கிறேன். சான்றிதழை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, வேலைக்காக எட்டாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ இணையான சான்று தேவைப்படும் இளையவர்கள் உங்கள் 24 பேரில் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தேர்வு தேவைதான். அவர்களைத் தனிக் குழுவாக்கி, வாரத்தில் இரண்டு நாள் பாடத்திட்டப்படி நடத்துங்கள். மற்றவர்களுக்கு மாதத் தேர்வு வைப்பது நின்றுபோகக் காத்திருப்பவர்களை விரைந்து அனுப்பும் வழி. அன்றாட வாழ்வு பற்றிய சிறிய, எளிய கூற்றொன்றைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் முடிவதே எழுத்தறிவு என்று யுனெஸ்கோ 1958-இல் வரையறுத்தது. தன் வீட்டு மின்கட்டணச் சீட்டைப் படித்து, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அந்த அளவை அவர் எட்டிவிட்டார் என்று பொருள். அதற்குத் தனியாகக் கேள்வித்தாள் எதற்கு?

யார் கற்பிக்கலாம் என்பதற்கும் ஒரு சான்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில், 1957 ஜனவரியில் கறுப்பின மக்களுக்கான மாலை வகுப்பு ஒன்று, ஒரு கடையின் பின்னறையில் 14 பேரோடு தொடங்கியது. வாக்காளராகப் பதிவு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற விதி இருந்த காலம். ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். தையலும் சிகை அலங்காரமும் அவர் தொழில். பிள்ளைகளுக்கான பாடங்களைக் கொண்டு சென்றவர், அவை இவர்களுக்கு ஏற்றவை அல்ல என்று கண்டு ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், பிள்ளைகள் எழுதும் கடிதத்தைப் படிக்க வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள், அவையே பாடமாயின. வகுப்பும் வாரம் இரண்டு மாலைகள்தான், அதுவும் வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில். இங்கேதான் உங்களை நான் நிறுத்த விரும்புகிறேன்: உடலுழைப்பு செய்பவர்களை வாரம் ஐந்து நாள் வரச் சொல்வது அதிகம். இரண்டு அல்லது மூன்று நாளாகக் குறையுங்கள்.

மறுமொழி 4: இளந்தளிர்

சிறிய கருத்து ஒன்று மட்டும். வகுப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எங்கள் பலகையில் 'முதியோர் கல்வி மையம்' என்று இருந்தவரை முப்பது வயதுக்குட்பட்டவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். 'மாலைப் படிப்பகம்' என்று மாற்றிய பிறகு, நூல் எடுக்க வருபவர்களும் எழுத்துப் பழக வருபவர்களும் ஒரே வாசலால் வந்தார்கள். யார் எதற்கு வருகிறார் என்பது வெளியே தெரியவில்லை.

கேள்வி கேட்டவரின் பதில்: கரும்பலகை

அனைவருக்கும் நன்றி. படித்த அன்றே பலகையில் இருந்த 'முதியோர்' என்ற சொல்லை அழித்துவிட்டோம். எங்கள் பலகையும் அப்படித்தான் இருந்தது.

இந்த இரண்டு வாரத்தில் நின்றுபோன பதினைந்து பேரில் பதினொரு பேரை வீட்டுக்கே போய்ச் சந்தித்தோம். வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். ஆர்வமில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நால்வருக்கு வேலை முடிந்து வீடு திரும்பவே ஏழு மணியாகிறது. மூவர் குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லாதவர்கள். இருவர் எழுத்து மங்கலாகத் தெரிவதைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்குமாகக் கண் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டோம். ஒருவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க முன்பே தெரியும், கைபேசியில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்; அதை எங்களிடம் சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பை ஏழரை மணிக்கு மாற்றி, செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று நாளாக்கியிருக்கிறோம். தேர்வு வேண்டும் என்று சொன்ன நண்பர், சான்றிதழ் தேவைப்படும் நான்கு இளையவர்களுக்கான குழுவை ஏற்றுக்கொண்டார்.

பதினொன்றாவதாகப் போனது தச்சர் ஐயாவின் வீட்டுக்கு. திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பக்கம் பக்கமாக அளவுகள். எண்கள் எல்லாம் திருத்தமாக இருந்தன. எண்களுக்குப் பக்கத்தில் சொல்லுக்குப் பதிலாகச் சிறிய படங்கள்: ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேல்நோக்கிய கோடு, பக்கவாட்டுக் கோடு. எந்த வீட்டின் எந்த ஜன்னல் என்பது ஒரு வாரம் கழித்துத் தனக்கே குழம்பிவிடுகிறது என்றும், படங்களுக்குப் பதிலாகச் சொற்களை எழுதிக்கொள்ளத்தான் வந்ததாகவும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்காதவர் போல, கூடத்துக் கதவு இப்போது சரியாக மூடுகிறதா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைய பாடத்துக்கு அவருடைய நோட்டில் இருந்தே நான்கு சொற்களை எடுத்துவைத்திருக்கிறேன்: கதவு, நிலை, அகலம், உயரம். 'நிலை'யில் வரும் ஐகாரக் கொம்பை முதல் நாளே சொல்லிக்கொடுக்கலாமா, அல்லது 'மரம்', 'கதவு' என்று கொம்பில்லாத சொற்களை முதலில் முடித்துவிட்டுப் பிறகு அதற்கு வரலாமா என்று பழைய தன்னார்வலர் சொன்னால் உதவியாக இருக்கும்.